பானியம்மா

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ஷேர் ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய மண்பானை இருக்கும். வாயில் மரத்தட்டு, தட்டின் மேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர், டம்ளர் களவு போகாமலிருக்க ஒரு சங்கிலி. "இது யாருப்பா வச்சது?" என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் "பானியம்மா" என்பார்கள். பானை வைத்ததால் பானையம்மா, அது வாயில் தேய்ந்து பானியம்மா ஆகியிருக்கும் என்று கேட்டவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

சங்கதி அதுவல்ல. அந்தப் பெயரைப் பானை வைத்த பிறகு யாரும் வைக்கவில்லை. பெயர் வந்து, வெகுநாள் கழித்துத்தான் பானையே வந்தது.

பானியம்மாவின் நிஜப் பெயர் கெங்கம்மாள். ஆரம்பாக்கத்தில் தண்டவாளத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவே அவள் வீடு. முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகும், சாயங்காலம் சூலூர்பேட்டை வண்டி எளாவூரைத் தாண்டி ஊதுகிற சத்தம் கேட்டால் அவள் கை செய்கிற வேலையை நிறுத்திவிடும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் கீரை முறத்திலேயே கிடக்கும். வண்டி நிற்கும், கிளம்பும். நடைமேடையின் கோடியிலிருந்து யாரோ தன்னைக் கூப்பிடப் போவதுபோல அவள் காது காத்திருக்கும். பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி கீரை.

அந்த வண்டியில்தான் அவளுடைய நல்ல வருஷங்கள் போயின.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவளுக்கு வேலை. காய் நறுக்க, அரிசி களைய, அண்டா கழுவ. காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் லேடீஸ் பெட்டிதான். அந்தப் பெட்டியைப் பெட்டி என்றா சொல்வது? அது ஒரு தெரு. ஒருத்தி கனகாம்பரம் கட்டுவாள். ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள். சூலூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரி ஒருத்தி "ஏமே, ஜருகு" என்று இடம் பிடிப்பாள். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு ஓடுகிற வண்டியிலேயே வளையல் போட்டு, புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் பிரித்து வைத்து விருந்து நடக்கும். கெங்கம்மாளுக்கு ஜோடி செண்பகம். மாத்திரை அட்டை அடுக்குகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அவள் வாய்க்கு மட்டும் ஒரு மாத்திரையும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"வந்துட்டார்றீ உன் மைக்செட்டு" என்பாள் செண்பகம், ஆரம்பாக்கம் வந்ததும்.

மைக்செட் என்றால் கெங்கம்மாளின் புருஷன் ராஜவேலு. அறுப்பு நாளில் இந்த வரப்பிலிருந்து குரல் கொடுத்தால் அந்த மடைக்காரன் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு தொண்டை. தினமும் சாயங்காலம் வயலிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். மண் ஒட்டிய காலோடு நடைமேடையின் கோடியில் நின்றுகொண்டு, வண்டி நிற்பதற்கு முன்பே "கெங்கா!" என்று ஒரு கூப்பாடு போடுவார். பெட்டி முழுக்கச் சிரிக்கும்.

"இன்னாத்துக்குய்யா இப்டி கத்தறே? நான் இன்னா செவுடா? மானம் போவுது" என்று கெங்கம்மாள் பல்லைக் கடிப்பாள்.

"எம் பொண்டாட்டிய நான் கூப்புடறேன். எவனுக்கு இன்னா பேஜாரு?"

வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கூப்பாடு ஒருநாள் நிஜமாகவே நின்றுபோனது. நாற்றங்காலில் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன. அதை விடப் பெரிதாக, பேச்சு போயிற்று. அவ்வளவு பெரிய தொண்டையில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் நின்றது. "தோ."

பசித்தாலும் தோ. முதுகு அரித்தாலும் தோ. கோபம் வந்தாலும் தோ. நாளாவட்டத்தில் அந்த ஒற்றைச் சொல்லின் ஏற்ற இறக்கமெல்லாம் கெங்கம்மாளுக்கு அத்துபடியாயிற்று. இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் ஜன்னலைத் திற, மூக்கால் சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார். "அவரு பேசறதுல ஒரு கொறையும் இல்ல. கேக்கறவங்களுக்குத்தான் காது வேணும்" என்று வண்டியில் பெருமையாகச் சொல்லுவாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆரம்பாக்கத்தில் வண்டி நிற்கும்போது பெட்டியில் யாரும் சிரிப்பதில்லை. அந்த அமைதிதான் அவளைக் கொன்றது.

அதனால்தான் வேண்டிக்கொண்டாள். ஊர் எல்லையில், பெரிய ரோட்டைப் பார்த்தபடி எல்லையம்மன் கோயில். சித்திரைக் கடைசியில் தீமிதி. "தாயே, கையும் காலும் வராட்டிப் போவட்டும். ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் என்னக் கத்திக் கூப்புடணும். நான் பூவுல எறங்கறேன்" என்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு நின்று காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சள். கட்டியவர் கோயில் தர்மகர்த்தா ஆதிநாராயணன். ராஜவேலுவின் கூடப் பிறந்த அண்ணன். அடுத்த வீடுதான்.

"கெங்கா, காப்பு கட்டிக்கினா வெளாட்டு இல்ல" என்று அவர் சொன்னார். "வேலைக்குப் போ, வா. ஆனா வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துடணும். வெளிய ராத்தங்கினா காப்பு அறுந்ததா அர்த்தம். வேண்டுதலும் அதோட சரி."

"நான் எங்க மாமா ராத்தங்கப் போறேன்? எனக்கு இந்த வண்டிய வுட்டா வேற போக்கிடம் ஏது?" என்று சிரித்தாள் கெங்கம்மாள்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள் அது. வேலை முடிந்து அவளும் செண்பகமும் ஸ்டேஷன் ரோட்டில் வேகமாக நடந்து வந்தார்கள். தார் உருகி செருப்பில் ஒட்டியது. ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில், பூட்டிய கடை ஒன்றின் வாசலில் ஒரு வாலிபன் சாய்ந்து கிடந்தான். நீலச் சட்டை, காலில் செருப்பில்லை. தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"பானி… பானி…"

ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் சின்னராசு என்று ஒருவன். நல்லவன்தான். ஆனால் ஒரு சிரிப்புக் கிடைத்தால் பெற்ற தாயையும் விட்டுவைக்க மாட்டான். இடுப்பில் கைவைத்துக் குனிந்தான்.

"இன்னா நைனா, பானிபூரி வேணுமா? காரம் போடட்டுமா, இனிப்பு போதுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பானி…"

"தோ, மறுக்கா ஒரு பிளேட்டு கேக்கறான்! மொத பிளேட்டுக்கு டப்பு குடுறா டேய்!"

செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். கெங்கம்மாளும் சிரித்தாள். அதை மறைப்பதில் பயனில்லை, அவளே மறைத்ததில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்த ஊரில் பானி என்றால் பானிபூரிதான். தள்ளுவண்டியில் எழுதியிருக்கிற அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதே இல்லை.

"தண்ணி போட்ட கேஸு. வாடி, வண்டி போயிடும்" என்று செண்பகம் கையைப் பிடித்து இழுத்தாள். கெங்கம்மாள் போனாள்.

வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. எதிரே ஒரு வடநாட்டுப் பெண், மடியில் குழந்தை. குழந்தை வெயிலில் வாடி, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"மா… பானி. பானி, மா."

அந்தப் பெண் பைக்குள் கையை விட்டாள். பூரியும் எடுக்கவில்லை, மிட்டாயும் எடுக்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குகிற சத்தம் கெங்கம்மாளுக்குக் கேட்டது.

அந்தச் சத்தத்தில் அவள் உலகமே நின்றுவிட்டது.

"செம்பகம்" என்றாள். "பானின்னா தண்ணிடீ."

"இன்னா?"

"அந்தப் புள்ள தண்ணி கேட்டான்டீ. தண்ணி போட்டவன் இல்லடீ, தண்ணி கேட்டவன்! நாம பல்ல இளிச்சிக்கினு வந்துட்டோம்!"

ஒற்றைச் சொல்லோடு கிடக்கிற மனிதனுக்குத் தினமும் சோறு ஊட்டுகிறவள் அவள். தோ என்றால் ஒன்பது அர்த்தம் கண்டுபிடிக்கிற காது. ரோட்டில் கிடந்தவனும் ஒற்றைச் சொல்லைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்? அந்தக் காது அப்போது எங்கே போயிற்று? தன் வீட்டுக்காரருக்கு மட்டும் திறந்து, வேற்றாளுக்கு மூடிக்கொள்கிற காதும் ஒரு காதா?

வண்டி எளாவூரில் நின்றது. கெங்கம்மாள் எழுந்தாள்.

"ஏய், எங்க போறே? அடுத்த ஸ்டேசன்டீ நம்முது!" செண்பகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் காப்பு இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வெளியே வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது.

"வெளக்கு வெக்கிற நேரம் ஆவப் போவுது கெங்கா. அவரு பேச்சு…"

கெங்கம்மாள் கையை விடுவித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தபோது அவன் அங்கேயேதான் கிடந்தான். இப்போது உதடு அசையவில்லை. கூட்டம் கலைந்திருந்தது. வேடிக்கை தீர்ந்துபோனால் கூட்டம் நிற்காது. அவள் மண்டி போட்டு அவன் நெற்றியைத் தொட்டாள். அடுப்பில் வைத்த தோசைக்கல்போலச் சுட்டது. வழியில் வாங்கிய பாட்டில் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள், மார்பில் ஊற்றினாள், முந்தானையை நனைத்து உதட்டில் வைத்தாள்.

"டேய் சின்னராசு! வாடா இங்க!"

அவன் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, நீ இன்னும் ஊட்டுக்குப் போவல?"

"பானின்னா இன்னான்னு தெரியுமாடா உனக்கு? தண்ணிடா! பச்சத் தண்ணி! நாய்க்குக் கூட வெக்கறோம். அத்தக் கேட்டதுக்கு நீ காரம் போடவான்னு கேட்ட, நான் சிரிச்சேன். நம்ம ரெண்டு பேரும் மனுச சென்மமாடா?"

சின்னராசுவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைந்ததை அவள் கடைசிவரை மறக்கவில்லை. டீயைக் கீழே கொட்டினான். ஓடி வந்து, விழுந்து கிடந்தவனை இரண்டு கையாலும் அள்ளி ஆட்டோவில் போட்டான். போகிற வழியெல்லாம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏஞ்சல் என்று ஒரு நர்ஸ். குளுக்கோஸ் ஏற்றினாள், ஊசி போட்டாள், அதட்டினாள்.

"வெயில் அடிச்சிருக்குமா. நல்லவேளை, வாயில ஊத்தாம ஒடம்புல ஊத்துனே. ராத்திரி பூரா ஈரத்துணி மாத்திக்கினே இருக்கணும். நான் ஒருத்தி எத்தினி பேரப் பாக்கறது? கூட யாரு இருக்கப் போறது?"

சின்னராசு தரையைப் பார்த்தான். வீட்டில் அவன் பெண்டாட்டி நிறைமாதம். கெங்கம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கடையில் விளக்குப் போட்டுச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இருக்கறேன்."

"நீ இன்னா வேணும் இவனுக்கு?"

"ஒறவு ஒண்ணும் இல்லம்மா. அவன் தண்ணி கேட்டான். நான் சிரிச்சேன்."

ஏஞ்சலுக்கு அது விளங்கவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள்.

கெங்கம்மாள் போனை எடுத்து ஆதிநாராயணனைக் கூப்பிட்டாள். அவள் வேலைக்குப் போகிற நாளில் தம்பிக்குத் துணை அவர்தான்.

"மாமா, நான் கெங்கா. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரில கீறேன்."

"ஐயோ, இன்னாச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணியும் இல்ல. ஒரு புள்ள ரோட்டுல வுழுந்து கெடந்துச்சு. கூட இருக்க ஆளில்ல."

"யாரு புள்ள?"

"தெரியல மாமா. வடக்கத்திப் புள்ள."

"கெங்கா, கையில காப்பு கீது. நெனப்பு கீதா?"

"கீது மாமா."

"யாருக்காகக் கட்டுனது அது?"

"உங்க தம்பிக்கு."

"அப்ப எம் தம்பிய வுட உனக்கு எவனோ ஒரு ஊர் பேர் தெரியாதவன் பெருசாப் பூட்டானா?"

அவள் பதில் சொல்வதற்குள், போனுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "தோ… தோ…" அது தண்ணீருக்கான தோ இல்லை. ஜன்னலுக்கானதும் இல்லை. அவள் இதுவரை கேட்டிராத ஒரு தோ. எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறதா, என்னை விட்டுவிட்டாயா என்று கேட்கிறதா? முதல் தடவையாக அவளுக்கு அர்த்தம் புரியவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து குமுறிக் குமுறி அழுதாள். அழுது முடித்துவிட்டு, துணியை நனைக்கப் போனாள்.

மறுநாள் காலை அந்த வாலிபன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். ஏஞ்சல் நீட்டிய டம்ளரை அவள் வாங்கி, "பானி" என்றாள். அவன் பாஷையில் அவள் பேசிய முதல் சொல் அதுதான். அவன் குடித்தான். கண்ணோரம் வழிந்தது. ஒடிசாவிலிருந்து இரும்பு உருக்குகிற பட்டறைக்கு வந்தவன், பெயர் துஷ்மந்தா, தலை சுற்றுகிறது என்று வெளியே வந்தவன் விழுந்துவிட்டான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பியபோது கோயில் வாசலிலேயே ஆதிநாராயணன் நின்றிருந்தார். தூங்காத கண்.

"ரூல்ஸ நான் போடல கெங்கா. பெரியவங்க போட்டது. எல்லைக்கு உள்ள கீறவங்களுக்குத்தான் ஆத்தா காவல். வெளிய கீறவன் பாடு அவன் பாடு."

"அப்டியா மாமா? அப்ப ஆத்தா எதுக்கு ஊருக்கு முதுகக் காட்டிக்கினு ரோட்டப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறா?"

ஆதிநாராயணன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர், அன்றைக்குத்தான் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"கெட்டது உள்ள வராமப் பாத்துக்கத்தான்" என்றார், கொஞ்சம் தடுமாறி.

"கெட்டது வருதான்னு பாத்துக்கினே கீற கண்ணுக்கு, ரோட்டுல வுழுந்து கெடக்கறவன் தெரிய மாட்டானா மாமா?"

அவர் கண் மறுபடி அம்மன் பக்கம் போயிற்று. ஆனால் முறை முறைதான். காப்பை அவிழ்க்கச் சொன்னார். கெங்கம்மாள் தானே அவிழ்த்துக் கோயில் கிணற்றில் விட்டாள். மஞ்சள் நூல் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு காணாமல் போயிற்று.

வீட்டில் ராஜவேலுவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள், காப்புப் போனதையும் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோ என்றுகூடச் சொல்லவில்லை. ஊர் பேசியதெல்லாம் அவளைத் தொடவில்லை. அந்தத் திரும்பிய முதுகு தொட்டது.

தீமிதி அன்று எல்லோரும் மஞ்சள் உடுத்திப் பூவில் இறங்கினார்கள். குழியைக் கடந்து வருகிறவர்கள் கால் நனைக்கிற பள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மட்டும் கெங்கம்மாளுக்குக் கிடைத்தது. குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். அனலில் முகம் எரிந்தது. காப்பை அறுத்ததற்காக மன்னிப்புக் கேட்பாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் உதடு முணுமுணுத்தது வேறு. "சிரிச்சிட்டேன் தாயே. அதுக்கு மட்டும் என்ன மன்னிச்சிடு."

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செண்பகத்தின் குரல் கேட்டது.

"கெங்கா! உன் பானிபூரிய இட்டாந்துட்டேன்டீ!"

அவளுக்குப் பின்னால் துஷ்மந்தா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கூச்சமாக நின்றான். உள்ளே வந்து ராஜவேலுவின் காலைத் தொட்டான். அதன் பிறகு லீவு கிடைக்கிற ஞாயிறெல்லாம் வந்தான். ஒருவருக்குப் பேச்சு இல்லை. இன்னொருவனுக்குத் தமிழ் இல்லை. இரண்டு பேரும் மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து எதைத்தான் பேசினார்களோ! அவன் அவருடைய விழுந்த கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே தன் ஊரைப் பற்றிச் சொல்லுவான். அவர் "தோ" என்பார். அவன் தலையாட்டுவான். தாகம் எடுத்தால் முதலில் தெரிந்துகொள்கிறவன் அவன்தான்.

"பானி, பாபா? பானி?"

அப்படி ஒரு நடுப்பகலில், கெங்கம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். துஷ்மந்தா டம்ளரை நீட்டினான். ராஜவேலுவின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. பிரிந்தன. மறுபடி ஒட்டின.

"ப… பா…"

முறம் அவள் கையிலிருந்து விழுந்தது. உளுந்து வீடு முழுக்க ஓடியது.

"பானி" என்றார் ராஜவேலு.

கூச்சல் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து ஆதிநாராயணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு!"

"பானி."

"அட பாவி, தமிழனாடா நீ? தண்ணின்னு சொல்லுடா!"

"பானி" என்றார் ராஜவேலு, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு. ஆதிநாராயணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுததை அன்றுதான் ஊர் பார்த்தது.

"ஆத்தா உன்ன மன்னிச்சிட்டாடீ" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

"மன்னிச்சிட்டா" என்றாள் கெங்கம்மாள். எதற்கு என்று அவளும் விளக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அதற்கு மேல் ராஜவேலுவுக்குப் பெரிதாகப் பேச்சு வரவில்லை. கெங்கா என்ற பெயர் அவர் நாக்கில் ஏறவே இல்லை. ஆனால் தடி ஊன்றி நடக்கப் பழகினார். ஒரு சாயங்காலம் வழக்கம்போல வண்டி ஆரம்பாக்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி வழக்கம்போல அமைதியாக இருந்தது. அப்போது நடைமேடையின் கோடியிலிருந்து ஒரு கூப்பாடு. கரகரத்து, உடைந்து, ஆனாலும் அதே தொண்டை.

"பானீ!"

ஒரு கையில் தடி. மறுகை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்த துஷ்மந்தாவின் தோளில். வரப்பு தாண்டிப் போகிற அந்தக் குரலில், தன் பெண்டாட்டியை, தனக்குத் தெரிந்த ஒரே பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ராஜவேலு.

லேடீஸ் பெட்டி ஒரு கணம் திகைத்தது. அப்புறம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு! செண்பகம் சிரித்துக்கொண்டே அழுதாள். "போடி பானி, உன் மைக்செட்டு ரிப்பேர் ஆயி வந்துடுச்சு" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். கெங்கம்மாள் இறங்கினாள். மானம் போவுது என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

பெட்டியில் தொற்றிய பெயர் ஆட்டோக்காரர்களிடம் போயிற்று. சின்னராசு அதற்கு ஓர் அம்மாவைச் சேர்த்தான். பானையை வாங்கி வேப்பமரத்தடியில் வைத்ததும் அவன்தான். தினமும் காலையில் கழுவி நிரப்புவதும் அவன்தான். யாராவது ரோட்டோரம் சாய்ந்து கிடந்தால், அவன் ஸ்டாண்டில் இப்போது யாரும் முதலில் ஜோக் அடிப்பதில்லை. முதலில் டம்ளர் போகும். அப்புறம்தான் மற்றது.

ராஜவேலு போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கத்திலேயே, நோகாமல். துஷ்மந்தா கல்யாணமாகித் தன் ஊரோடு போய்விட்டான். சித்திரை வந்தால் போன் செய்வான். இரண்டு பேருக்கும் பொதுவாக இன்றைக்கும் பத்து வார்த்தை தேறாது. போனை வைக்க மட்டும் இருவருக்கும் மனம் வராது.

இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், வெயில் வயலில் அலை அலையாக ஆடியது. கோயில் வேலையாக அலைந்துவிட்டு ஆதிநாராயணன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, நடை தள்ளாடியது. அன்று எல்லையம்மன் வாசலில் நடந்த பேச்சைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாயே திறந்ததில்லை. தம்பி பெண்டாட்டியிடம் தோற்றேன் என்று சொல்கிற மனிதர் இல்லை அவர். தன் வீடு நாலு எட்டில் இருந்தும், கெங்கம்மாளின் வாசலில் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கெங்கா, தாகமாக் கீது. கொஞ்சம் பானி குடு."

கெங்கம்மாள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. செம்பு வழிய வழிய மொண்டுகொண்டு வாசலுக்கு நடந்தாள்.